மீசை முளைத்த பிள்ளைகள்
வங்க நகைச்சுவை இலக்கியத்தில் கல்கத்தா நகரம்

வயது வருவது வேறு, பெரியவனாவது வேறு. முன்னதை நாள்கள் செய்துவிடுகின்றன. பின்னதை மனிதன் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழாதபோது நகைச்சுவை பிறக்கிறது. மீசை முளைத்த பின்னும் பிள்ளையாகவே திரியும் ஆண்மகனைப் பார்த்து நகைப்பது எல்லா மொழிகளுக்கும் பொதுவான வழக்கம். ஆயினும், அப்பாத்திரத்தை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் விடாது பின்தொடர்ந்து, அவன் உடை மாறியதையும், இருப்பிடம் மாறியதையும், அவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பே மாறியதையும் எழுதிவைத்த சிறப்பு வங்க மொழிக்கு உண்டு. அப்பாத்திரம் பிறந்து வளர்ந்த ஊர் கல்கத்தா. 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கும் அந்நகரை, பழைய நூல்களைப் பற்றிப் பேசும் இக்கட்டுரையில் பழைய பெயராலேயே குறிப்போம்.

நம் வீடுகளில் ஒரு வழக்கு உண்டு. பொறுப்பின்றித் திரியும் இளைஞனைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடுவான்" என்பார்கள் பெரியவர்கள். மணம் முடித்து வைத்தால் பிள்ளை பெரியவனாகிவிடுவான் என்பது அதன் பொருள். கட்டப்படும் காலைப் பற்றியே அங்கே கவலை; கயிறாக ஆக்கப்படும் பெண்ணைப் பற்றி அவ்வழக்கில் ஒரு சொல்லும் இல்லை. வங்க நகைச்சுவையின் வரலாற்றைப் பார்த்தால், அதன் சிறந்த ஆசிரியர்கள் சிலர் சொல்லப்படாத அந்த இடத்திற்கே வந்து நின்றிருப்பதைக் காணலாம். ஓர் ஆண்மகன் வளராமல் இருப்பதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்கும் அக்கேள்வி அயலானதன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்க இலக்கியம் தமிழருக்குப் புதியதன்று. த. நா. குமாரசாமி, த. நா. சேனாபதி போன்றோரின் உழைப்பால் பங்கிம்சந்திரரும் இரவீந்திரரும் சரத்சந்திரரும் நம் வீடுகளுக்குள் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆனால், அவ்வழியாக நாம் மிகுதியாக அறிந்துகொண்டது வங்காளத்தின் கண்ணீரை. அதன் சிரிப்பு அந்த அளவுக்கு நம்மை வந்து சேரவில்லை. அழுகையை மொழிபெயர்ப்பது எளிது. சிரிப்பை மொழிபெயர்ப்பது அரிது என்பதை அத்தொழிலில் இருப்போர் அறிவர். எனவே, இக்கட்டுரையில் அந்தச் சிரிப்பின் வழியே சற்று நடந்து பார்ப்போம்.

தந்தையின் பணம்

ஜாப் சார்னாக் ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையில் வந்திறங்கியது 1690ஆம் ஆண்டில். அடுத்த நூறாண்டுகளில் அவ்விடம் கும்பினி ஆட்சியின் தலைநகராயிற்று. சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷிகள் என்று நாம் அழைத்தவர்களைப் போலவே, கல்கத்தாவில் பனியான்களும் திவான்களும் தோன்றினார்கள். வெள்ளைக்கார வணிகருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே நின்று அவர்கள் பெரும்பொருள் ஈட்டினார்கள். 1793ஆம் ஆண்டு நிலையான நிலவரித் திட்டம் வந்தது. அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. பொருள் ஈட்டியவர்கள் அதனைக் கொண்டு ஜமீன்களை வாங்கினார்கள். கிராமத்திலிருந்து குத்தகை வர, நகரத்தில் மாளிகை எழுப்பி அமர்ந்தார்கள். அவர்கள் உழைத்தார்கள், சூழ்ச்சி செய்தார்கள், சேர்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கோ சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. செலவழிப்பது ஒன்றே எஞ்சியிருந்த வேலை.

இந்தப் பிள்ளைக்கு வங்காளம் இட்ட பெயர் 'பாபு'. மரியாதைச் சொல்லாக இருந்த அது, சில தலைமுறைகளுக்குள் பாதி மரியாதையும் பாதி ஏளனமும் கலந்த சொல்லாயிற்று. பாபுவை அச்சில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் பவானிசரண் வந்தியோபாத்தியாயர். 'சமாசார சந்திரிகா' என்னும் பத்திரிகையை நடத்திய அவர், 1825ஆம் ஆண்டில் 'நவபாபு விலாஸ்' என்னும் சிறு நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். ஒரு புதுப் பாபு எவ்வாறு உருவாகிறான் என்பதைத் தாவரத்தின் வளர்ச்சியாக வைத்து, முளை, தளிர், மலர், கனி என்று நான்கு பகுதிகளாக அந்நூலை அவர் வகுத்தார். ஆசிரியர்கள் மாறிமாறி வந்தும் பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால், சுற்றியிருப்போர் அவனை மேதை என்று புகழ்கிறார்கள். அடுத்து முகத்துதி செய்யும் கூட்டம் சேர்கிறது, கேளிக்கைகள் பெருகுகின்றன, இறுதியில் பழுக்கும் கனி சீரழிவு. செடி வளர்கிறது, மனிதன் வளரவில்லை என்பதே அந்த நான்கு தலைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் நகைச்சுவை.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். உடன்கட்டை ஏறும் வழக்கம் 1829ஆம் ஆண்டு சட்டத்தால் தடை செய்யப்பட்டபோது, அச்சட்டத்தை எதிர்ப்பதற்காக 1830இல் தர்ம சபை கூடியது. அதன் செயலாளர் இதே பவானிசரண்தான். வீட்டுப் பிள்ளை கெட்டுப்போவதைக் கூர்ந்து கண்டு நகைக்கத் தெரிந்தவருக்கு, வீட்டுப் பெண் தீயிலிருந்து மீட்கப்படுவது தவறாகத் தோன்றியது. பிள்ளை பழைய ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய சிரிப்பின் நோக்கம். அந்த ஒழுங்கின் சுமையைத் தாங்கியவர்கள் அவர் கண்ணில் படவில்லை. நகைச்சுவை ஒரு விளக்கு என்றால், அதன் அடியிலும் நிழல் உண்டு.

செல்வர் வீட்டுச் செல்லப்பிள்ளை

அடுத்த தலைமுறையில் அந்த விளக்கு வேறு கைக்கு மாறியது. 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரியில் பயின்றவர் பியாரிசந்த் மித்திரர். கல்கத்தா பொது நூலகத்தின் நூலகராகவும் வணிகராகவும் விளங்கியவர். 1854இல் அவரும் அவருடைய நண்பர் ராதாநாத் சிக்தரும் சேர்ந்து ஒரு மாத இதழைத் தொடங்கினார்கள். எவரெஸ்ட் சிகரமே உலகில் உயர்ந்தது என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய அதே ராதாநாத் சிக்தர்தான் இவர். வடமொழிச் சொற்கள் நிறைந்த பண்டித நடையை விலக்கி, வீட்டுப் பெண்களும் எளிய மக்களும் படித்துணரக்கூடிய பேச்சு நடையில் அவ்விதழ் வெளிவந்தது. தேக்சந்த் தாகூர் என்னும் புனைபெயரில் பியாரிசந்த் அதில் எழுதிய தொடர்கதை, 1858ஆம் ஆண்டு நூலாயிற்று. அதன் பெயர் 'ஆலாலேர் கரேர் துலால்'. தமிழில் 'செல்வர் வீட்டுச் செல்லப்பிள்ளை' எனலாம். வங்க மொழியின் முதல் நாவல் என்று பலராலும் கருதப்படும் நூல் அது. நம் மொழியின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல். இரு மொழிகளிலும் நாவல் என்னும் புது வடிவம் நகைச்சுவையின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

கதையின் நாயகன் மதிலால். வைத்தியவாடி என்னும் ஊரில் வாழும் பாபுராம் பாபுவின் மூத்த மகன். தந்தைக்குப் பணத்தின்மேல் கண். தாய்க்குப் பிள்ளையின்மேல் கண். பிள்ளையின் படிப்பின்மேல் ஒருவருக்கும் கண்ணில்லை. ஆங்கிலம் கற்கக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும் மதிலால், பாடத்தை விட்டுப் பட்டணத்தைக் கற்றுக்கொள்கிறான். கச்சேரி வழக்குகளில் பொய்ச் சாட்சி திரட்டுவதில் வல்லவனான டக்சாசா என்னும் சூழ்ச்சிக்காரன் குடும்பத்துக்கு ஆலோசகனாக வந்து சேருகிறான். முதுமையில் தந்தை மற்றொரு மணம் செய்துகொள்கிறார். அவர் இறந்த பின் சொத்து மதிலாலின் கைக்கு வருகிறது, கையிலிருந்து கரைகிறது. பெற்ற தாய் வீட்டை விட்டு வெளியேற நேருகிறது. எல்லாம் இழந்த பின்னரே மதிலால் காசியில் மனந்திருந்துகிறான்.

நன்னெறி கூறும் முடிவு இன்று நமக்குச் சற்றே பழமையாகத் தோன்றலாம். ஆனால், அந்நூலின் பெருமை முடிவில் இல்லை. கடைத்தெரு இரைச்சல், கச்சேரி வாசல், படகுக்காரனின் பேச்சு, வீட்டு முற்றத்துச் சச்சரவு என்று ஒரு நகரத்தின் நாக்கு முழுவதும் அதில் பேசுகிறது. மதிலாலைக் கெடுத்தது தீய நண்பர் மட்டுமன்று. பிள்ளையைப் பிள்ளையாகவே வைத்துக்கொள்ள விரும்பிய வீடும் அதற்குப் பொறுப்பு என்று பியாரிசந்த் காட்டினார். ஜி. டி. ஆஸ்வெல் என்பவர் இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1893இல் வெளியிட்டார்.

இவருக்கு அடுத்து வந்தவர் காளிப்பிரசன்ன சிங்கர். ஜோடாசாங்கோவின் பெருஞ்செல்வர் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், 1860களின் தொடக்கத்தில், 'ஹுதோம் பேஞ்சார் நக்ஷா' என்னும் நூலை எழுதினார். 'ஆந்தையின் சித்திரங்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். இரவில் விழித்திருக்கும் ஆந்தை ஒன்று நகரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் அது அமைந்துள்ளது. சடக் திருவிழாவின் கூட்டமும், குடித்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் பாபுக்களும், பக்தியின் பெயரால் நடக்கும் ஆடம்பரமும் அந்த ஆந்தையின் கண்ணுக்குத் தப்பவில்லை. எழுதியவரும் ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதே இதில் வியப்பு. தம் பணத்தைக் கொண்டு அவர் மகாபாரதம் முழுவதையும் வங்க உரைநடையில் பெயர்க்கச் செய்து இலவசமாக வழங்கினார். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய 'நீல தர்ப்பணம்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது, அத்தொகையைச் செலுத்தியவரும் அவரே. 1870இல், ஏறத்தாழ முப்பது வயதில், கடன் சுமையோடு அவர் மறைந்தார். அவரும் செல்வத்தை இழந்தவர்தான். ஆனால், எதற்காக இழந்தார் என்பதில் மதிலாலுக்கும் அவருக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

மேடையில் ஒரு மனைவியின் குரல்

இதே காலத்தில் நாடக மேடை ஒரு படி முன்னே சென்றது. மைக்கேல் மதுசூதன தத்தரைச் சென்னையும் உரிமை கொண்டாடலாம். 1848 முதல் 1856 வரை அவர் சென்னையில் வாழ்ந்து, பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் பணிபுரிந்தார். அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூல் 1849இல் சென்னையிலேயே அச்சாயிற்று. கல்கத்தாவுக்குத் திரும்பிய பின், 1860இல் 'ஏகேயி கி போலே சபியதா' என்னும் நையாண்டி நாடகத்தை வெளியிட்டார். 'இதற்குத்தான் நாகரிகம் என்று பெயரா?' என்பது தலைப்பின் பொருள். நவகுமாரன் என்னும் இளைஞனும் அவன் தோழர்களும் 'ஞானதரங்கிணி சபை' என்று ஒரு சபை வைத்திருக்கிறார்கள். சீர்திருத்தம், பெண் கல்வி, விடுதலை என்றெல்லாம் அங்கே முழக்கம். உண்மையில் அங்கே ஓடும் தரங்கம் மதுவின் தரங்கம். வைணவ ஒழுக்கத்தில் ஊறிய தந்தைக்குத் தெரியாமல் மகன் வெளியே போகச் செய்யும் தந்திரங்கள் முதற்பாதியில் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. குடிபோதையில் அவன் வீடு திரும்பும்போது நாடகம் முடிகிறது. அப்போது தலைப்பில் உள்ள அந்தக் கேள்வியைக் கேட்பவள் அவனுடைய மனைவி. சபையில் பெண் விடுதலையைப் பற்றி முழங்கியவனைப் பார்த்து வீட்டில் இருக்கும் பெண் கேட்கும் கேள்வி அது. அதற்கு நாடகத்தில் விடை இல்லை.

தீனபந்து மித்திரர் இன்னும் கூர்மையாக எழுதினார். அஞ்சல் துறையில் அரசு அதிகாரியாகப் பணிபுரிந்து, ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். 'நீல தர்ப்பண'த்தை இயற்றியவரும் அவரே. 1866இல் வெளிவந்த அவருடைய நாடகத்தின் பெயர் 'சதபார் ஏகாதசி'. தமிழில் 'சுமங்கலியின் ஏகாதசி' என்று சொன்னால், வங்க வழக்கம் அறியாதவருக்கு அதன் உறைப்பு விளங்காது. வங்காளத்து உயர்குலங்களில் ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் நோன்பு இருக்க வேண்டியவள் கைம்பெண். கணவன் உயிரோடிருக்கும்போதே ஒருத்தி கைம்பெண்ணின் நோன்பை நோற்கிறாள் என்பதே தலைப்பின் பொருள். அவளுடைய கணவன் அடல், செல்வர் வீட்டுப் பிள்ளை. இரவெல்லாம் மதுவும் பிற பெண்களும். அவனுடைய தோழன் நிம்சந்த், ஆங்கிலம் நன்கு கற்றவன். போதையிலும் ஷேக்ஸ்பியரை ஒப்பிப்பவன். கல்வி இருந்தும் வளர்ச்சி இல்லாத அந்த நிம்சந்த்தான் நாடகத்தின் உயிர். பாக்பஜார் இளைஞர்கள் 1860களின் இறுதியில் இதனை மேடையேற்றியபோது, நிம்சந்தாக நடித்துப் புகழ் பெற்றவர் கிரீசசந்திர கோஷ். பின்னாளில் வங்க நாடக மேடையின் பெருந்தலைவரானார்.

நாடகம் முழுவதும் ஆடவரின் கூத்து. தலைப்பு மட்டும் பெண்ணின் துயரம். அவையில் இருப்பவர் எவ்வளவு சிரித்தாலும், வெளியே வரும்போது சுவரொட்டியில் அந்தத் தலைப்பைப் படித்தாக வேண்டும். விலை கொடுப்பவர் யார் என்னும் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமான விடையை வேறெங்கும் காண்பது அரிது.

பாபுவின் பெருவாழ்வுக்கு இறுதி அஞ்சலி எழுதியவர் பங்கிம்சந்திரர் எனலாம். 1874இல் வெளியான 'லோக ரகசியம்' என்னும் தொகுதியில் 'பாபு' என்று ஒரு சிறு கட்டுரை உண்டு. வைசம்பாயன முனிவர் ஜனமேஜய மன்னனுக்குக் கலியுகத்தில் தோன்றப்போகும் பாபுக்களின் இலக்கணத்தைப் புராண நடையில் உரைப்பதாக அது அமைந்துள்ளது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரும் அரசாங்கத் துணை நீதிபதியுமான பங்கிம்சந்திரர் எழுதியது என்பதால், அந்த நையாண்டியில் அவருடைய சொந்த வகுப்பும் தப்பவில்லை.

மாளிகையிலிருந்து மெஸ்ஸுக்கு

காலம் மாறியது. ஜமீன்கள் பாகம் பிரிந்தன, வழக்குகளில் கரைந்தன. 1854இல் ஹவுராவிலிருந்து ஓடத் தொடங்கிய இரயில், கிராமத்து இளைஞனை நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1857இல் தோன்றிய பல்கலைக்கழகம் அவனுக்குப் பட்டம் கொடுத்தது. பட்டம் பெற்றவனுக்கு டல்ஹவுசி சதுக்கத்தைச் சுற்றியிருந்த அலுவலகங்களில் ஒரு நாற்காலி கிடைத்தது. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த சம்பளத்தில் நகரத்தில் குடும்பம் நடத்த இயலாது. எனவே, பெண்டு பிள்ளைகளைக் கிராமத்தில் விட்டுவிட்டு, ஆடவர் பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்திக்கொண்டு வாழ்ந்தார்கள். அதுவே மெஸ். சனிக்கிழமை மாலை இரயில் ஏறி ஊருக்குப் போவதும், திங்கட்கிழமை காலை நேராக அலுவலகத்துக்கு வருவதும் அவர்களுடைய வாழ்க்கையின் தாளமாயிற்று.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்ததை நாம் உணர வேண்டும். பாபு வளராமல் இருந்ததற்குக் காரணம், நகரம் அவனுக்கு மிகுதியாகக் கொடுத்தது. மெஸ் இளைஞன் வளர இயலாமல் இருந்ததற்குக் காரணம், நகரம் அவனுக்கு மிகக் குறைவாகக் கொடுத்தது. வேலை இல்லை, வேலை இருந்தால் வீடு இல்லை, வீடு இல்லாததால் மணம் தள்ளிப்போகிறது, அல்லது மணம் முடிந்தும் மனைவி தொலைவில் இருக்கிறாள். முன்னவனைச் சாட்டையால் அடித்த வங்க நகைச்சுவை, பின்னவனின் தோளில் கை போட்டுக்கொண்டது.

'பரசுராமர்' என்னும் புனைபெயரில் எழுதிய ராஜசேகர வசு (1880–1960) இத்திருப்பத்தில் நிற்கிறார். வேதியியல் கற்று, ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயர் நிறுவிய பெங்கால் கெமிக்கல் தொழிற்சாலையை நிர்வகித்தவர். 'சலந்திகா' என்னும் வங்க அகராதியைத் தொகுத்தவர். 1922இல் கதை எழுதத் தொடங்கி, 1924இல் 'கட்டலிகா' என்னும் முதல் தொகுதியை வெளியிட்டார். அவருடைய 'விரிஞ்சி பாபா' கதையில், பல யுகங்கள் வாழ்ந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு போலிச் சாமியாரிடம் ஒரு குடும்பம் சிக்கிக்கொள்கிறது. அக்குடும்பத்துப் பெண்ணின்மேல் காதல் கொண்ட இளைஞனுக்கு அதனை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. அவனும் அவனுடைய மெஸ் தோழர்களும் சேர்ந்து, சாமியார் இருக்குமிடத்தில் தீப்பற்றியதாகக் கூச்சல் கிளப்பி அவரை அம்பலப்படுத்துகிறார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஏமாந்து நிற்க, பிள்ளைகளின் விளையாட்டே பெரியவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடிக்கிறது. சத்தியஜித் ராய் 1965இல் இதனை 'மகாபுருஷ்' என்னும் திரைப்படமாக எடுத்தார்.

பிரேமேந்திர மித்திரர் 1945இல் எழுதிய 'மஷா', அதாவது 'கொசு' என்னும் கதையில் கனாதா அறிமுகமானார். 72, வனமாலி நஸ்கர் சந்து என்னும் கற்பனை முகவரியில் உள்ள மெஸ்ஸில் மாடி அறையில் குடியிருப்பவர் அவர். சகலின் தீவு முதல் உலகத்தின் எல்லா மூலைகளிலும் தாம் செய்த வீரச்செயல்களை நாற்காலியில் சாய்ந்தபடி விவரிப்பார். அவர் சொல்லும் பூகோளமும் விஞ்ஞானமும் பெரும்பாலும் மெய். அவர் அங்கே போனது மட்டுமே பொய். சிகரெட்டு முழுவதும் சிசிரனிடம் கடன், கடன் திரும்பியதில்லை. மெஸ்ஸின் இளைஞர்களுக்கு அவருடைய பொய் தெரியும். தெரிந்தும் அவருக்குப் பிடித்த பலகாரங்களை வரவழைத்து அடுத்த கதைக்குக் காத்திருக்கிறார்கள். பயணம் போக வசதியற்ற ஒரு தலைமுறைக்கு அந்தப் பொய் ஓர் உபகாரம்.

சிவராம் சக்கரவர்த்தி (1903–1980) எழுதியதோடு நில்லாமல், அந்த வாழ்க்கையை வாழ்ந்தே காட்டினார். ஜமீன் குடும்பத் தொடர்புடைய அவர், மணம் செய்துகொள்ளாமல், முக்தாராம் பாபு தெருவின் மெஸ் ஒன்றில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். சொற்சிலேடையில் அவருக்கு நிகர் அவரே. அதனாலேயே அவரை வேறு மொழியில் கொண்டுவருவது கடினம். அவர் படைத்த ஹர்ஷவர்த்தனன், கோவர்த்தனன் என்னும் சகோதரர்கள் அஸ்ஸாமில் மர வியாபாரத்தில் பொருள் ஈட்டிக் கல்கத்தாவுக்கு வந்தவர்கள். பையில் பணம் உண்டு. பட்டணத்து வழக்கம் மட்டும் பிடிபடுவதில்லை. புது நகரத்தில் வந்திறங்கியவன் எவனும், எவ்வயதினனாயினும், சிறிது காலம் குழந்தையே என்பதை அவர்கள் நமக்கு நினைவூட்டுகிறார்கள்.

வீட்டு வாசலில் உள்ள கல்மேடையை வங்காளிகள் 'ரோவாக்' என்பார்கள். நம் திண்ணைக்கு அது உடன்பிறப்பு. படல்டாங்காவின் அத்தகைய திண்ணை ஒன்றில்தான் நாராயண கங்கோபாத்தியாயரின் டெனிதா அமர்ந்திருக்கிறான். பள்ளி இறுதித் தேர்வில் திரும்பத் திரும்பத் தவறியவன். பிறர் காசில் தின்பண்டம் தின்பதில் ஒருமுறையும் தவறாதவன். அவனுடைய மூன்று தோழர்களுள் ஹாபுல் சேன் டாக்கா வட்டாரப் பேச்சில் பேசுகிறான். 1947இன் பிரிவினை கல்கத்தாத் தெருக்களில் கொண்டுவந்து சேர்த்த மக்களின் குரல், சிறுவர் கதையிலும் இவ்வாறு ஓசையின்றி இடம்பெற்றது. படைத்தவரோ கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வங்க இலக்கியம் போதித்த பேராசிரியர்.

கால்கட்டும் கடிதமும்

இக்கதைகளில் ஒரு குறை உண்டு. டெனிதாவின் திண்ணையிலும் கனாதாவின் மாடியிலும் பெண்களுக்கு இடமே இல்லை. அதனாலேயே அவ்வாண்கள் நமக்குக் குற்றமற்றவர்களாகத் தோன்றுகிறார்கள். அவர்களை நம்பி வாழ்பவர் எவரும் கதைக்குள் இல்லாததால், அவர்கள் வளராமல் இருப்பதற்கு விலை கொடுப்பவரும் இல்லை.

அந்தப் பாதுகாப்பைக் கைவிட்டு எழுதியவர் விபூதிபூஷண் முகோபாத்தியாயர் (1894–1987). 'பதேர் பாஞ்சாலி' எழுதியவர் வேறு விபூதிபூஷணர். இவர் பீகாரைச் சேர்ந்த தர்பங்காவில் வாழ்ந்தவர். நம்மைப் போலவே பிற மாநிலத்தில் இருந்துகொண்டு தாய்மொழியைப் பேணியவர். அவருடைய 'பரயாத்ரி' கதைகள், கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் உள்ள சிப்பூரின் இளைஞர் குழு ஒன்றைப் பற்றியவை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தோழர்களாகச் செல்லும் அவர்கள், உதவ நினைத்த இடத்திலெல்லாம் உபத்திரவமாகி முடிகிறார்கள். குழுவின் தலைவன் கணசா திக்குவாயன். பெரிய திட்டங்களைத் தீட்டுபவன். ஒருவனுக்கு மணமாகும்போது மற்றவர்களின் முகத்தில் படரும் அச்சத்தையும் ஆசையையும் விபூதிபூஷணர் மிக மென்மையாகக் காட்டினார். 1951இல் சத்தியேன் போஸ் இயக்கத்தில் இது திரைப்படமாயிற்று.

சென்னையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1941இல் டி. ஆர். இராமச்சந்திரன் நடித்து வெளிவந்த திரைப்படத்தில், செல்வர் வீட்டு அசட்டுப் பிள்ளை சபாபதி, அதே பெயருடைய வேலைக்காரனோடு சேர்ந்து அடிக்கும் கூத்து தமிழகத்தையே சிரிக்க வைத்தது. படித்த பெண்ணொருத்தி மனைவியாக வந்த பிறகே அவன் வளரத் தொடங்குகிறான். கால்கட்டு அங்கே பலித்துவிட்டது. அதனால் நாம் மகிழ்ச்சியாகச் சிரித்துவிட்டு எழுந்து வருகிறோம். தீனபந்து மித்திரரின் நாடகத்தில் அது பலிக்கவில்லை. இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான், பலிக்கும் என்று நம்பிப் பெண் கொடுப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது புரிகிறது.

1953இல் நிர்மல் தே இயக்கிய 'சாடே சுவாத்தர்' என்னும் திரைப்படம் மெஸ்ஸின் கதவை ஒரு பெண்ணுக்குத் திறந்துவிட்டது. அன்னபூர்ணா போர்டிங் என்னும் மெஸ்ஸில், இருக்க இடமின்றித் தவிக்கும் ஒரு குடும்பம் வந்து தங்குகிறது. அக்குடும்பத்தில் மணமாகாத பெண் ஒருத்தி இருக்கிறாள். அதுவரை பிள்ளைகளாக இருந்த ஆடவர் அனைவரும் ஒரே நாளில் பெரியவர்களாகக் காட்டிக்கொள்ள முற்படும் வேடிக்கையே படம். உத்தம்குமாரும் சுசித்ரா சேனும் முதன்முதலாக இணைந்து நடித்தது இதில்தான். ஆனால், படத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் துடிக்கிறது. மெஸ் உரிமையாளர் வாரம் முழுவதும் நகரத்தில் இருக்க, அவருடைய மனைவி கிராமத்தில் காத்திருக்கிறாள். துளசி சக்கரவர்த்தியும் மலினா தேவியும் நடித்த அந்த முதிய தம்பதியரின் ஊடலும் ஐயமும் இளைஞரின் காதலைவிட நம் நெஞ்சைத் தொடுகின்றன. 'எழுபத்து நான்கரை' என்பது படத்தின் பெயர். உரியவரைத் தவிர வேறெவரும் பிரித்துப் படிக்கலாகாது என்று ஆணையிடும் குறியாகப் பழங்காலத்தில் கடிதத்தின்மேல் அந்த எண்ணை எழுதுவார்கள்.

அதன் பின் சிரிப்பு மெலிந்தது. சத்தியஜித் ராய் 1970இல் எடுத்த 'பிரதித்வந்தி'யில், தந்தையின் மறைவால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட ஓர் இளைஞன் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைகிறான். வளர மறுப்பவனல்லன் அவன். வளர வழி கேட்பவன். வழி மறுக்கப்படும்போது நகைச்சுவைக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, சென்னையில் இரயில் ஏறி ஹவுராவில் வந்திறங்கிய தமிழ் இளைஞர்கள் பலர். அவர்களும் மெஸ்ஸில் தங்கினார்கள். மாதம் பிறந்ததும் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். தங்கையின் திருமணத்துக்குப் பிறகே தன் திருமணம் என்று காத்திருந்தார்கள். அலுவலகத்திலும் மெஸ்ஸிலும் அவர்கள் அடித்த கூத்துகளை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். இன்று மெஸ்கள் அருகிவிட்டன; இளைஞர்கள் பெங்களூரிலும் புனேயிலும் பகிர்ந்துகொண்ட அறைகளில் வாழ்கிறார்கள். கதை மாறவில்லை.

அக்கதைகளைச் சொல்லிச் சிரிப்பதில் தவறொன்றும் இல்லை. சிரிப்பின்றி அந்த ஆண்டுகளைக் கடந்திருக்க இயலாது. ஆனால், கல்கத்தாவின் ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம். கூத்தடித்தவனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் அனுப்ப மறந்த கடிதத்துக்காக ஊரில் தபால்காரரை எதிர்பார்த்து நின்றவளையும் கதைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளும் கேட்டுச் சிரிக்கக்கூடிய கதையாக இருந்தால், அதில் வரும் பிள்ளை பெரியவனாகிவிட்டான் என்று கொள்ளலாம்.